ஏசி ஃபில்டர்: திணையும் திசையும்

காரின் எஞ்சினைப் பற்றிப் பேசாத மாமா இல்லை. டயரைப் பற்றிக் கருத்துச் சொல்லாத மைத்துனர் இல்லை. நம் மூக்குக்கும் ஊர்ப் புழுதிக்கும் நடுவே நிற்கும் ஒரு மடிப்புத் தாளைப் பற்றி மட்டும் தமிழுலகம் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் அதைக் கேபின் ஃபில்டர் என்பார், மெக்கானிக் ஏசி ஃபில்டர் என்பார். இரண்டும் ஒன்றே என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போகிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் சண்டைதான்.

இருப்பிடம்: நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். அதை அடைய முதலில் அகழாய்வு செய்யவேண்டும். மேலடுக்கில் டோல் ரசீதுகள், அடுத்து விபூதிப் பொட்டலம், அடியில் ஆர்.சி. நகலும் புகைச் சான்றிதழும். இந்த வண்டி விடும் புகை அளவோடு இருக்கிறது என்று முத்திரையிட்டுச் சொல்லும் அந்தத் தாளுக்குச் சற்றே பின்னால், மற்ற வண்டிகள் விட்ட புகையைக் குடித்துக் கறுத்துப்போன இன்னொரு தாள் இருக்கிறது. இரண்டில் எது நம்பத்தக்க ஆவணம் என்பதில் இந்த ஆய்வாளனுக்கு ஐயமில்லை.

பழைய ஃபில்டரின் மடிப்பை விரித்துப் பார்த்தே வண்டியின் திணையைச் சொல்லிவிடலாம் என்பது இக்கட்டுரையின் தலையாய கோட்பாடு. முதல், கரு, உரி மூன்றும் அதற்குள் உண்டு. நுண்மணல் இருந்தால் ஈ.சி.ஆர். வண்டி, நெய்தல். உமியும் பதரும் இருந்தால், சாலையிலேயே நெல்லைக் காயப்போடும் தஞ்சைப் பக்கத்து வண்டி, மருதம். சிமெண்ட் தூள் இருந்தால் மெட்ரோ வேலை நடக்கும் சென்னைச் சாலை, பாலையேதான். உரிப்பொருள் பிரிவு, அதாவது அலுவலகத்தைவிட்டு வீடு சேரும்வரை. வேப்பிலைச் சருகும் புங்கம்பூவும் எல்லாத் திணைக்கும் பொது. நாம் நிழல் தேடி மரத்தடியில் நிறுத்துகிறோம். முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் சல்லடையில்தான் மரம் தன் வாடகையை வாங்கிக்கொள்கிறது. கருப்பொருளில் விலங்கு, எலி. ஃபில்டரைக் கடித்துக் கூட்டுக்கு மெத்தை போடுவது அதன் தொழில். எஞ்சின் பக்கம் கட்டிவைத்த புகையிலையைக் கடந்து வந்து குடியேறிய எலிகளும் உண்டு.

ஏசியில் குளிர் வரவில்லை என்றால், “கேஸ் கம்மி சார்” என்று தொடங்குவது ஒரு பழைய மரபு. சில வேளை அது மெய்யாகவும் இருக்கும். ஆனால் ஃபேனை நாலில் வைத்தும் சத்தம் மட்டும் நாலில், காற்று ஒன்றில் என்றால், குற்றவாளி பெரும்பாலும் அடைத்துக்கொண்ட ஃபில்டர். குளிர் உள்ளே இருக்கிறது, முகத்துக்கு வந்து சேர வழியில்லை. சில நூறு ரூபாய்ச் சரக்கைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கேஸ் நிரப்புவது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட தர்மம்.

“ஏர் அடிச்சாப் போதும்” என்போர் இன்னொரு மரபினர். பல ஃபில்டர்களின் இழைகளில் மின்னேற்றம் ஏற்றியிருக்கிறார்கள். நுண்தூசியை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும்பங்கு. காற்றை வேகமாக அடித்தால் இழை கிழியும். தண்ணீரில் அலசினால் மின்னேற்றமும் போய்விடலாம். பார்வைக்கு வெள்ளை, வேலைக்கு வெறும் துணி. கழுவலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் ஒழியக் கழுவாதீர்கள்.

வாங்கப் போனால் மூவகை. சாதா ஃபில்டர் புழுதியையும் மகரந்தத்தையும் பிடிக்கும், நெடியை விட்டுவிடும். கரி சேர்த்தது கூவம் பாலத்தைக் கடக்கும்போதும் டீசல் பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கும்போதும் தன் அருமையைக் காட்டும். என் வாக்கு அதற்கே. மூன்றாவது ஹெப்பா. 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பதற்குரிய பெயர் அது. சோதனைச் சான்று இல்லாமல் அட்டையில் மட்டும் அச்சிட்டிருந்தால் கௌரவ டாக்டர் பட்டமாகக் கொள்க. ஈரத்துணி நாற்றத்துக்கு இம்மூன்றுமே மருந்தல்ல. அந்த நாற்றம் பிறக்கும் கூலிங் காயில் ஃபில்டரைத் தாண்டி இருக்கிறது. அதைத்தான் சுத்தம் செய்யவேண்டும்.

இனி அம்புக்குறிச் சர்ச்சை. ஓரத்தில் அச்சிட்ட அம்பு மேலே பார்க்கவேண்டுமா, கீழேயா? அம்பு பெரும்பாலும் காற்று போகும் திசையைக் காட்டுவது. அந்தத் திசை வண்டிக்கு வண்டி மாறும்; பலவற்றில் மேலிருந்து கீழ், சிலவற்றில் பக்கவாட்டு. மூலபாடம் கையில் இல்லாதவர்கள் பழைய ஃபில்டரைக் கேட்கலாம்: எந்தப் பக்கம் கறுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. முன்பு மாட்டியவர் தலைகீழாக மாட்டியிருந்தாலும் இந்தச் சாட்சி பொய் சொல்லாது.

பழையதை உருவும்போது தட்டாமல் உருவுங்கள். தட்டினால் ஐந்திணையும் மடியில். கையேடுகள் பல 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன. பாலைத் திணையார் அதற்கு முன்பே திறந்து பார்க்கவேண்டும். கடையில் வண்டியின் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் இரு தலைமுறை வண்டிகளுக்கு அளவு வேறாக இருக்கலாம். ஓரத்தில் இடைவெளி விழுந்தால் புழுதி அந்த வழியாகவே வந்துவிடும்.

இந்த முடிவுகளை மறுக்க விரும்பும் அறிஞர்கள் தத்தம் பழைய ஃபில்டரோடு வரலாம். பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டிக் கொண்டுவரவும்.