நீலக்கூந்தல் பேயைப் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இத்தாலியின் ரிமினி கடற்கரையில் வெயில் காய்ந்து அலுத்தவர்கள் பேய் பார்க்கப் போகும் ஊர் மோன்டெபெல்லோ. 436 மீட்டர் உயரக் குன்று, குறுகலான ஒரு தெரு, உச்சியில் கோட்டை. நீங்களும் போவதானால் முதலில் கதையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1375, ஜூன் 21. வெளியே இடி, மழை. கோட்டைத் தலைவர் மலடெஸ்டாவின் ஐந்து வயது மகள் குவெண்டலினா உள்ளே துணிப்பந்து உருட்டி விளையாடுகிறாள். பிறவியிலேயே வெள்ளை முடி. அந்தக் காலத்தில் அது சூனியக்காரியின் அடையாளம் என்பதால் அம்மா சாயம் பூசிவிட, முடி நீலம் பாரித்துவிட்டது. அதனால்தான் 'அஸுர்ரீனா', அதாவது 'நீலக்குட்டி', என்று பெயர். பந்து பனிக்கட்டி சேமிக்கும் நிலவறைக்குள் உருண்டது. பிள்ளையும் பின்னாலேயே இறங்கினாள். அலறல் கேட்டுக் காவலர்கள் ஓடினார்கள். பிள்ளையும் இல்லை, பந்தும் இல்லை. அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.

இந்த இடத்தில் வழிகாட்டியிடம் ஆதாரம் கேட்டுவிடாதீர்கள். கதை ஏட்டில் ஏறியதே 17ஆம் நூற்றாண்டில்தான் என்கிறார்கள். அத்தனை காலம் வாய்வழியாக வந்தும் தொமேனிகோ, ருஜ்ஜேரோ என்று காவலர்களின் பெயர்கூட மறக்காத கதையை நம்பிவிடுவதுதான் மரியாதை.

அடுத்து, நாள் பார்க்க வேண்டும். ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும் ஆண்டுகளில், ஜூன் 21 அன்று மட்டுமே அஸுர்ரீனாவின் குரல் கேட்கும். ஒன்று கவனியுங்கள்: 1582இல் போப் கிரெகோரி நாள்காட்டியைத் திருத்திப் பத்து நாளைத் தூக்கிவிட்டார். 1375இல் அந்த வித்தியாசம் எட்டு நாள்தான்; ஆக, பழைய கணக்கின் ஜூன் 21, இன்றைய கணக்கில் ஜூன் 29. பேயோ மறுபேச்சில்லாமல் புதுக் காலண்டருக்கு மாறிக்கொண்டது. இவ்வளவு ஒழுங்கான பேயை வேறெங்கும் பார்க்க முடியாது.

1990இலிருந்து அந்தக் குரலை ஒலிப்பதிவு செய்து, சுற்றிக் காட்டி முடித்ததும் போட்டுக் காட்டுகிறார்கள். சிலருக்கு அழுகை, சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு மணியோசை கேட்கும். வெறும் காற்று என்று தோன்றினால் வாயைத் திறக்காதீர்கள். காசு கொடுத்து வந்த மற்றவர்கள் முறைப்பார்கள்.

பயப்பட வேண்டுமானால் இரவில் போங்கள். கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் பகலில் போங்கள். 15ஆம் நூற்றாண்டில் குயிதி தி பாஞோ குடும்பத்தின் கைக்கு வந்த கோட்டை இது. உள்ளே இருக்கும் பழைய மரப்பெட்டிகளும் சாமான்களும் பேயைவிடப் பார்க்கத் தக்கவை. அவற்றுக்குத்தான் யாரும் ஒலிப்பதிவுக் கருவி வைப்பதில்லை. பக்கத்துக் குன்றான சான் லியோவின் சிறையில் மாயவித்தைக்காரர் காலியோஸ்ட்ரோ 1795இல் நிஜமாகவே செத்தார். ஆனாலும் புகழெல்லாம் அஸுர்ரீனாவுக்கே.

வெறும் வயிற்றோடு நிலவறைக்குள் இறங்க வேண்டாம். பியாதீனா கிடைக்கும், நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஸ்குவாக்குவெரோனே பாலாடைக்கட்டி வைத்து மடித்துத் தருவார்கள்.

அடுத்த தரிசனம் 2030, ஜூன் 21. வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, அப்புறம் ஞாயிறு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.