மிதக்கும் சந்நியாசி

கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்தார், பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வாங்கினார், பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணமே செய்துகொண்டார் ஒரு சந்நியாசி. பாட்டிகள் சொன்ன கதை. அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்தச் சந்நியாசி இப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறார். கோடையில் எந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் போனாலும் ஹாரிஸ்பர்க் நகரை ஒட்டிய சஸ்குவஹானா ஆற்றில் தரிசனம் கிடைக்கும். கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் அமர்ந்து, ஃப்ளை தூண்டிலால் பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்துக்கொண்டிருப்பார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம், முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்திலிருந்து கன்னம்வரை இழுத்துவிட்ட துணிக்குழாய், விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை. முகத்தில் வெயிலுக்கு விட்டுவைத்தது மூக்கின் நுனி ஒன்றைத்தான். அது வெந்து சிவந்திருக்கும். வயது ஐம்பதை ஒட்டி. வாரநாட்களில் ஏதோ உத்தியோகம் பார்க்கிறார். அதைப்பற்றி அவர் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

இவர் ஒரு காலத்தில் சம்சாரி. அதாவது, பாஸ் படகு வைத்திருந்தார். உடம்பெல்லாம் மினுமினுக்கும் அந்தப் படகுகளுக்குப் பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின் தொங்கும், முன்னால் வங்கிக் கடன் தொங்கும். ஒருநாள் திடீரென்று வைராக்கியம் வந்தது. படகை விற்றார். பத்தடி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கயாக்கும் ஒரு துடுப்பும் வாங்கி வந்து வீட்டு வாசலில் இறக்கினார்.

“இனிமேல் நான், ஆறு, இந்தத் துடுப்பு. வேறொன்றும் வேண்டாம்” என்றார்.

“எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார் மனைவி.

முதலில் இடுப்பு பேசியது. தரையோடு தரையாகக் காலை நீட்டி எட்டு மணி நேரம் உட்கார ஐம்பது வயது இடுப்பு சம்மதிக்கவில்லை. எனவே சாய்ந்துகொள்ளும் நாற்காலி பொருத்திய பெரிய கயாக். நாற்காலியில் உயர்ந்து உட்கார்ந்ததும் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. துடுப்புக்கு இரண்டு கை, தூண்டிலுக்கு இரண்டு கை என்றால் கணக்கு இடிக்கிறது. எனவே பெடல். ஹோபி நிறுவனம் 1997இல் பெங்குவின் நீந்துவதைப் பார்த்துச் செய்த காலால் மிதிக்கும் விசை சந்தைக்கு வந்தபோதே இவருடைய விதி எழுதப்பட்டுவிட்டது. பெடல் வந்ததும் சுக்கான் வந்தது. நின்ற இடத்தில் நிற்க நங்கூரம், நங்கூரக் கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்தக் கப்பி. அடுத்து, மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் சோனார் திரை.

இந்த இடத்தில் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாரிஸ்பர்க் பக்கம் சஸ்குவஹானா கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம், கோடையில் பல இடங்களில் முழங்கால் ஆழம். பெடலின் துடுப்புகள் பாறையில் மோதி உடையும் அளவுக்கு ஆழம் குறைவு. இரண்டடித் தண்ணீரில் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். எட்டிப் பார்த்தால் கயாக் கவிழும். எனவே திரையில் பார்க்கிறார்.

திரைக்கு பேட்டரி. பேட்டரிக்குத் தண்ணீர் புகாத பெட்டி. இவ்வளவும் ஏறியதும் கயாக்கைக் கார் கூரைமேல் தூக்கிவைக்க முடியவில்லை, எனவே டிரெய்லர். டிரெய்லரை இழுக்கப் பழைய கார் முனகியது, எனவே பிக்கப் டிரக், அதற்குத் தவணை. பெடல் மிதித்து முழங்கால் வலித்தபோது பின்புறம் சின்னதாக ஒரு மின் மோட்டார். பென்சில்வேனியாவில் மோட்டார் வைத்த படகு எதுவானாலும் அரசிடம் பதிவுசெய்து எண் ஒட்ட வேண்டும், மின் மோட்டாருக்கும் விலக்குக் கிடையாது. ஒட்டினார்.

ஆக மோட்டார், பதிவு எண், டிரெய்லர், கடன். விற்ற படகு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், இதில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. மனைவி அந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறார். இதுவரை குறை சொன்னதில்லை.

சரி, இத்தனை சாதனத்தோடு மீன் பிடிக்க வேண்டியதுதானே? அதைக் கெடுப்பதற்கென்றே இருக்கிறது ஃப்ளை தூண்டில். சாதாரணத் தூண்டிலில் கனமான இரை முன்னால் பறக்கும், மெல்லிய நரம்பு பின்னால் போகும். ஃப்ளையில் எல்லாம் தலைகீழ். இரை என்பது கொக்கியில் கட்டிய கொஞ்சம் இறகும் முடியும், ஊதினால் போய்விடும். அதனால் கனத்தை நரம்புக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தடித்த நரம்பைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, பின்பக்கம் அது முழுக்க நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே விட வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீசுவதற்குமுன் நாற்பது அடி நரம்பைக் காலடியில் தளர்வாகப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலடியில் பெடல் இருக்கிறது, கப்பி இருக்கிறது, நங்கூரக் கயிறு, திரை, திரையின் ஒயர், காபி பிளாஸ்க் எல்லாம் இருக்கின்றன. நரம்பு இவற்றை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பும். அதற்கு அனுபவஸ்தர்கள் கண்ட தீர்வு, எல்லாவற்றின்மேலும் ஓர் ஈரத் துண்டை விரித்து மூடிவிடுவது. ஆயிரக்கணக்கான டாலர் போட்டு வாங்கியதையெல்லாம் பழைய துண்டால் மூடிவிட்டு, நம்மவர் எழுந்து நின்று வீசத் தொடங்குகிறார். உட்கார்ந்து வீசினால் பின்வீச்சு தண்ணீரில் அடிக்கும். நின்று வீசினால், சில சமயம், நம்மவரே தண்ணீரில் அடிப்பார்.

வீசுகிற பொருள் எது என்பதில் இவருக்கு ஊர்ப் பெருமை உண்டு. இதே ஆற்றங்கரையில், மிடில்டவுன் என்ற ஊரில் தூண்டில் கடை வைத்திருந்த பாப் கிளவுசர், 1980களில் மான்வால் முடியைக் கொக்கியில் கட்டி, ஈயத்தில் கண் வைத்து, சின்ன மீன்போல ஒரு பொய் இரை செய்தார். அதற்குப் பெயர் வைத்தவர் ஃப்ளை உலகின் மூத்த குரு லெஃப்டி கிரே. ஆற்று பாஸுக்காகச் செய்த அதை இன்று கடல் மீனும் கடிக்கிறது. ஈயக்கண் தலைக்கு மேல் வேகமாகப் பறக்கும்போது காதும் நடுவில் அகப்படும். காதில் கொக்கி ஏறாத கிளவுசர் பக்தர் அபூர்வம்.

கடையில் வாங்கினால் கௌரவமில்லை என்று குளிர்காலம் முழுக்கத் தானே கட்டுவார். சாப்பாட்டு மேசையில் இடுக்கி, நூல், சேவல் கழுத்து இறகு, மான் முடி. தவளை உருவம் செய்ய மான் முடியைக் கொத்துக் கொத்தாகக் கொக்கியில் சுற்றிக் கத்தரியால் நறுக்கி உருட்டுவார்கள். நறுக்கியது தரையில், சோபாவில், சூப்பில். வீட்டு நாய்க்கு வால் நல்ல பொன்னிறம். அவர் கத்தரியை எடுத்தால் அது மாடிக்குப் போய்விடுகிறது.

இத்தனை கைவேலையையும் யாருக்காகச் செய்கிறார் என்று பார்த்தால், எதையும் விழுங்குகிற ஒரு மீனுக்காக. தவளை, எலி, வாத்துக்குஞ்சு, தன் இனத்துக் குஞ்சு, எது வாய்க்குள் அடங்குமோ அது பாஸுக்கு ஆகாரம். பொறுக்கித் தின்னும் நாசூக்கெல்லாம் டிரௌட் மீனுக்கு. நம்மவர் மணிக்கணக்கில் நுட்பமாக வீசியபோது வராத பாஸ், அவர் கொசு அடிக்கையில் சும்மா மிதந்துகொண்டிருந்த தக்கைத் தவளையை வந்து அடிக்கும். அவர் பதறித் தூண்டிலை மேலே தூக்குவார். டிரௌட்டுக்குத்தான் தூக்க வேண்டும், பாஸுக்கு நரம்பைக் கையால் சரேலென்று இழுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வகுப்பே எடுப்பார். அந்த நொடியில் கைக்குத்தான் தெரியாது.

இந்த ஆற்றுக்கே உரிய புராதன மீன் என்று அவர் உருகுவதும் சரியில்லை. அவர் துரத்தும் ஸ்மால்மௌத் பாஸ் இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு வந்தேறி. பக்கத்து பொட்டோமாக் ஆற்றுக்கு அது 1854இல் வந்தது ரயிலில், நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தபடி. டிக்கெட் எடுத்ததாகத் தகவல் இல்லை.

சரி, மீன் சிக்கிவிட்டது. சந்நியாசி முகத்தில் முதன்முதலாக ஆசை தெரிவது இங்கேதான். கயாக் பந்தயங்களில் மீனை எடை போடுவதில்லை. பள்ளம் வெட்டிய அளவுப் பலகையில் படுக்கவைத்து, வாயை மூடி, மூக்கு பலகைத் தடுப்பைத் தொட, அன்றைய ரகசிய எண் எழுதிய அட்டையும் தெரியும்படி படம் எடுத்து, மீனை விட்டுவிட வேண்டும். சிறந்த ஐந்து மீன்களின் நீளத்தைக் கூட்டிப் போட்டி. கால் அங்குலத்துக்குக் கீழே கணக்கில் வராது. மீனுக்கோ வாயைத் திறந்து வைப்பதுதான் இயல்பு. ஒரு கையால் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் வாலைச் சரிசெய்து, கைப்பேசியை எந்தக் கையால் பிடிப்பது? பாதிப் படம் எடுத்ததும் மீன் ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீருக்குள் போய்விடும், சில நாள் பலகையையும் கூட்டிக்கொண்டு. மிதவை கட்டாத பலகை மூழ்கும்.

ஸ்மால்மௌத்தில் இருபது அங்குலம் என்பது ஒரு பட்டம். நம்மவர் கைப்பேசியில் பத்தொன்பதே முக்கால் அங்குல மீன் ஒன்று இருக்கிறது. வாலைக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்திருந்தால் இருபது வந்திருக்கும் என்பது அவர் கட்சி. இந்த வழக்கைப் பக்கத்து வீட்டுக்காரர், பல் வைத்தியர், மகளைப் பார்க்க வந்த பையன் எல்லோரும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். பையன் இருபது என்றான். நல்ல பையன்.

எடை போடும் பந்தயங்களைப் பற்றி இவருக்கு ஏளனம் உண்டு. 2022இல் ஈரி ஏரியில் வால்ஐ மீன் பந்தயத்தில் இரண்டு பேர் மீன் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகளைத் திணித்து, கையும் களவுமாகப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள், படகும் பறிபோயிற்று. அதை இவர் சொல்லும்போது கண்ணாடிக்குள்ளிருந்தும் கண் மின்னும். “ஈயம் போட்டால் மீன் நீளுமா?” என்பார்.

அவருக்குப் பொறாமை தரக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர், பக்கத்து கார்லைல் ஊரின் லெட்டார்ட் ஓடையில் டிரௌட் பிடிப்பவர். அந்த ஓடைக்கார ஆசாரசீலர்கள் பாஸ்காரரைச் சமபந்தியில் உட்காரவிட மாட்டார்கள். 1881இலேயே ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் பாஸுக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதி வாதாடியும் தீட்டு போகவில்லை. இன்னொருவர், கரையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போடும் கிழவர். டிரௌட்காரர் தன்னைப் பார்க்கிற அதே பார்வையை நம்மவர் கிழவர்மேல் செலுத்துவார். கிழவர் அதைக் கவனிப்பதில்லை. மீன் கடித்துக்கொண்டே இருக்கிறது, நேரமில்லை.

லார்ஜ்மௌத் என்ற இன்னொரு வகை பாஸில் உலக சாதனை படைத்தவர் பற்றி மட்டும் இவரிடம் பேச்செடுக்கக் கூடாது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் பத்துக் கிலோ. மழையால் அன்று வயல்வேலை இல்லை, நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். திரை கிடையாது, பெடல் கிடையாது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல். முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வேண்டும் என்பது விதி, எனவே சமன். குரிட்டா இரையாகப் போட்டது உயிருள்ள சின்ன மீனை. பெர்ரி தன் மீனை என்ன செய்தார் என்று நம்மவர் சொல்லவே மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றங்கரை நடைபாதையில் மூக்கு நுனி சிவந்த ஒருவர் தானாக வந்து கைப்பேசியை நீட்டினால் பயப்படாதீர்கள், நல்ல மனிதர்தான். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, “இருபது இருக்கும்போலிருக்கிறதே!” என்று சொல்லுங்கள். குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.