தலை சுற்றுகிறதா, ஊர் சுற்றுகிறதா?

கேள்வி: பெங்களூரு ஃப்ளாட்டுக்குள் உடற்பயிற்சி செய்தாலே தலை சுற்றுகிறது. ஊர் உயரத்தில் இருப்பதுதான் காரணமா?

பதில்: பெங்களூரின் உயரம் சுமார் 900 மீட்டர். மலையேறிகளை வாட்டும் கிறுகிறுப்பு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். திட்டுவதற்கு டிராஃபிக் இருக்கிறதே, உயரம் பாவம்! துள்ளிக் குதித்துவிட்டுச் சட்டென நின்றால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். மூச்சைப் பிடித்து எடை தூக்கினாலும், குனிந்து விருட்டென நிமிர்ந்தாலும் தலை சுற்றலாம். வெறும் வயிறும் மூடிய ஜன்னலும் கூட்டுச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே பயிற்சியை விடாதீர்கள், குதிப்பதை விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், சுவரில் கை ஊன்றித் தள்ளலாம், நின்ற இடத்திலேயே நடக்கலாம். முடிக்கும்போது வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். நாற்காலி தாத்தாக்களுக்கானது என்பீர்கள். இதே கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலியை யோகாசனக் கருவியாக்க, உலகமே அதில் உட்கார்ந்து கற்றது.

நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தபோது, ஜிம்மே எமன் என்று ஊர் பேசியது. அது அவசரத் தீர்ப்பு. ஆனால் தலைசுற்றலோடு நெஞ்சுவலியோ படபடப்போ வந்தாலும், நீங்கள் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரானாலும், யூடியூபை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.