தென்னை ஏறும் கூலி: மரத்தடிக் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வீட்டுக் கொல்லையில் ஒற்றைத் தென்னை வைத்திருப்பவர் அதைச் சுத்தம் செய்ய எவ்வளவு கூலி கொடுக்க வேண்டும்? பொருளியல் அறிஞர்கள் இக்கேள்வியைத் தொட்டதில்லை. அவர்களில் பலர் அடுக்குமாடியில் குடியிருப்பது காரணமாகலாம். அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு. ஆய்வுக் கருவிகள்: பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அண்ணாந்து பார்க்கப் பழகிய கழுத்து ஒன்று.

2. முந்தைய கொள்கைகளும் அவற்றின் வீழ்ச்சியும்

முதலாவது, உயரக் கொள்கை. நெட்டை ரகத் தென்னை 20 மீட்டரைத் தாண்டியும் வளரும் என்பதால் உயரத்துக்கு ஏற்பவே கூலி என்பர். அப்படியானால் தோப்பு மரத்தில் 100 ரூபாய்க்குள் முடிகிற வேலை, அதில் பாதி உயரமே உள்ள நகரத்து மரத்தில் 300, 500 என்று ஏறுவது எப்படி? கொள்கை இங்கேயே சாய்கிறது.

இரண்டாவது, காய்க் கொள்கை. காய் குறைந்தால் கூலி குறையும் என்பது இதன் சாரம். நடப்பு நேர்மாறு. மேலே காய் இல்லையென்றால், "நாலு காய் எடுத்துக்குங்கண்ணே" என்று சொல்லிக் கூலியைக் குறைக்க வழியில்லை.

3. மரத்தடிக் கோட்பாடு

எமது கண்டுபிடிப்பு இதுவே: கூலியை நிர்ணயிப்பது மரத்தின் உச்சியல்ல, அடி. ஏறுபவர் வந்ததும் மேலே பார்ப்பதில்லை. கீழே சுற்றிப் பார்க்கிறார். வெறும் மண் என்றால் ஒரு விலை. பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தண்ணீர்த் தொட்டி, தவணை முடியாத கார் என்று ஒவ்வொன்றுக்கும் விலை உயரும். முற்றிய மட்டை 15 அடி நீளம்கூட இருக்கும். அதை வெட்டித் தள்ளுவது ஒரு நொடி. கயிறு கட்டி இறக்குவது தனி வேலை, கூட ஓர் ஆளும் வேண்டும். மின்கம்பி உரசும் மரமோ கூலிக் கணக்கிலேயே சேராது. மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அதில் யாரையும் ஏற்றக் கூடாது.

4. மட்டைப் பிரச்சினை

முன்பு மட்டை அடுப்புக்கும், கீற்று முடைவதற்கும், ஈர்க்கு விளக்குமாற்றுக்கும் போனது. மட்டைக்கு ஆசைப்பட்டே அக்கம்பக்கத்தார் உதவிக்கு வந்தார்கள். கேஸ் அடுப்பும் கான்கிரீட் கூரையும் வந்தபின் மட்டை குப்பையாகிவிட்டது. அதைத் துண்டு போட்டு வெளியேற்றத் தனிக் கூலி. பேரத்தில் பெரும்பாலோர் மறப்பது இதைத்தான்.

5. காலமும் ஆளும்

தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஆகவே ஓராண்டு தள்ளிப்போட்டால் ஒரு டஜன் மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் வட்டியாகச் சேரும். காய் பறிப்பு 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை என்பதால், அந்த ஏற்றத்திலேயே கொண்டையைச் சுத்தம் செய்தால் செலவு மிச்சம். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தபின் ஆள் தேடுபவர் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த சென்னையில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆள் பஞ்சமும் உண்மை. ஏறுவோர் குறைந்ததால்தான் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கருவி கொண்டு மரமேறும் பயிற்சியைத் தொடங்கியது. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கு வாரிசு சேர்வது அரிது.

6. முடிவும் பரிந்துரையும்

கொடுத்த காசுக்கு ஈடாக "இன்னும் ரெண்டு மட்டை வெட்டுங்கண்ணே" என்று பச்சை மட்டையைக் கேட்காதீர்கள், காய்ப்புக் குறையும். "பாத்துக் குடுங்க சார்" என்று ஏறுபவர் சொன்னால் நம்பி விடாதீர்கள். பார்க்கப் போவது நீங்களல்ல, அவர். ஏறும் கூலி, கயிற்றுக் கூலி, மட்டைக் கூலி மூன்றையும் அவர் தரையில் நிற்கும்போதே பேசி முடியுங்கள். மர உச்சியில் அரிவாளோடு இருப்பவரிடம் பேரம் பேசி வென்றவர் எவரும் எமது ஆய்வில் அகப்படவில்லை.