பனி டயர் தேடும் பஜிரோ மாமா

மருதானை பஞ்சிகாவத்தையில் சனிக்கிழமை காலை, டயர்க்கடை வாசலில் குந்தியிருந்து டயரின் பள்ளத்துக்குள் நகத்தை அழுத்திப் பார்க்கும் ஒருவரைக் கண்டால், டயர் வாங்க வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். டயரைப் பற்றிக் கதைக்க வந்தவர். வெள்ளவத்தையில் லேனுக்கு ஒருவராவது இருப்பார். பெயர் எதுவானாலும் அயலுக்கு அவர் பஜிரோ மாமா.

மாமாவின் பஜிரோ காலி வீதியைத் தாண்டுவது அபூர்வம். மீன் சந்தை, வங்கி, வெள்ளிக்கிழமை கோவில். மருதானைக்கு வருவதுதான் அதன் நெடும்பயணம். நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் சின்னக் கியர்த் தடியில் மாமி மரக்கறிப் பையைக் கொழுவுவார். ஆனாலும் மாமா அதை விற்கமாட்டார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடையில், வயது ஏற ஏற விலையும் ஏறிய அதிசயத்தை நாமெல்லோரும் பார்த்தோம். மாமாவின் மதிப்பும் அதோடு ஏறியது.

இம்முறை பிடித்திருக்கும் பித்து, பனிக்கால டயர். மூட்டிவிட்டவர் மொன்றியல் மச்சான். அவர் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் இல்லாமல் காரை வீதியில் இறக்கினால் தண்டம்.

"அங்க சட்டமே இருக்கு, நானா" என்றார் மாமா டயர்க்கடைக்காரரிடம்.

"அங்க பனியும் ஈக்குது, சேர்."

மாமா விடவில்லை. "நாலு சக்கரமும் இழுக்கிறதால வண்டி வெளிக்கிடும். ஆனா நிப்பாட்டுறது டயர்தானே?" அவர் சொல்வது சரி. மாமாவிடம் உள்ள தொல்லையே அதுதான், சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்றிருந்தால் சேறும் பனியும் என்று பொருள், ஆனால் அது மட்டும் போதாது, மூன்று கொடுமுடி மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை வேண்டும், அதுதான் பனியில் சோதித்துத் தேறியது என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

கடை கடையாக ஏறி இறங்கியதில், யப்பானிலிருந்து வந்த வாகனமொன்றில் கழற்றிய 'ஸ்டட்லெஸ்' சோடி ஒன்று அகப்பட்டது. பக்கத்தில் 3921. 2021ஆம் ஆண்டின் 39ஆவது கிழமை வார்த்தது. நகம் இறங்கியது. மாமாவின் முகம் மலர்ந்தது.

"இது 7 பாகைக்குக் கீழ போற ஊருக்குச் செஞ்சது, சேர். குளிருல கல்லாகக் கூடாதுன்னுதான் இவ்வளவு மெது. நம்மட வெயிலுல அழிறப்பர் மாதிரி தேஞ்சிடும்."

"நுவரெலியாவுக்குப் போனா?"

"அங்க பனி புல்லுலதான் சேர் விழும்."

உண்மையில் மாமாவுக்கு வேண்டியது எச்டி டயர். நெடுஞ்சாலைக்கென்றே செய்த, சத்தம் போடாத சாது. ஐப்பசி மழையில் காலி வீதித் தண்ணீரைப் பள்ளங்களால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். விலையும் எல்லாத் தரைக்குமான ஏடியைவிடக் குறைவு. ஆனால் எச்டி போட்ட ஜீப்பை நிறுத்தி யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆகவே யாலக் காட்டுக்குள் போகிறவர்கள் பூட்டும் ஏடி நான்கைப் பூட்டிக்கொண்டு, கட்டை கட்டையான இறப்பர் வெளியே தெரிய வீடு வந்தார். வேகம் எடுத்தால் வண்டி ஊளையிடுகிறது என்று மாமிக்குக் குறை. மாமா வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

போன கிழமை மறுபடி பஞ்சிகாவத்தை. இப்போது ஸ்நோர்க்கல் வேண்டுமாம். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சினுக்குத் தண்ணீர் போகாமல், கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்.

"2016 மே மாச வெள்ளம் மறந்து போச்சா, நானா?"

நானா பிளேன்டீயைக் குடித்து முடித்தார்.

"அந்த வெள்ளத்துல சேர் எங்க ஈந்தீங்க?"

"வீட்டிலதான். நாலாம் மாடியில."