பிங்க் தொப்பிக்காரர்

சிட்னி மேன்லி கடற்கரையின் குளிர்கால நீச்சல்காரரிடம் 'சௌக்கியமா?' என்று கேட்டுவிடக் கூடாது. "தண்ணி இன்னிக்கு 17 டிகிரி" என்பார். அவருக்கு அதுதான் சௌக்கியம்.

ஜூலையில் அங்கே நடுக்குளிர். விடியற்காலைக் காற்று 8, 9 டிகிரியில் அடிக்கும். கடலோ கோடையில் வாங்கிய சூட்டை லேசில் விடாது; அது நன்றாகக் குளிர ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். ஆக, அவருடைய வீரமெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றுகிற அரை நிமிஷம்தான். அதற்கப்புறம் பரிதாபத்துக்குரியவர்கள் கரையில் நிற்பவர்களே. இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.

2008-இல் தொடங்கிய 'போல்ட் அண்ட் பியூட்டிஃபுல்' குழுவில்தான் அவர் ஐக்கியம். தினமும் காலை 7 மணிக்குப் பிங்க் தொப்பிகள் கூட்டமாக இறங்கி, ஷெல்லி பீச் வரை போய்த் திரும்பும். மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். இதே மேன்லியில் ஒரு காலத்தில் பகலில் கடலில் இறங்குவதே குற்றம். 1902-இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் குளித்து அந்தச் சட்டத்துக்குச் சவால் விட்டார். ஆனால் அவர் குளித்தது அக்டோபரில், வசந்தத்தில். அதனால் நம்மவருக்கு அவர்மேல் மரியாதை ஒரு பிடி குறைவு.

வழியில் கேபேஜ் ட்ரீ விரிகுடா. 2002 முதல் அங்கே மீன்பிடிக்கத் தடை என்பதால் மீன்களுக்கு மனிதப் பயம் விட்டுப்போயிற்று. மாநில மீனான நீல க்ரோப்பர் சாவகாசமாகக் கூடவே வரும். பிறக்கும்போது எல்லாமே பெண். வட்டாரத்து ஆண் போய்ச் சேர்ந்தால், இருப்பதில் பெரிய பெண் ஆணாக மாறி நீலம் பூணும். இந்தக் குடும்ப விவகாரத்தை நம்மவர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

குளிர்கால விசேஷம், போர்ட் ஜாக்சன் சுறா. இனம் பெருக்க அந்தப் பருவத்தில்தான் கரையோரப் பாறைகளுக்கு வரும். அதன் முட்டை காதுத் தோட்டின் திருகாணி மாதிரி மரைபோட்டது. தாய் அதைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவரக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். பின்பற்கள் தட்டை, கடல் முள்ளெலிகளை நொறுக்கித் தின்பதற்கு, மனிதரைச் சீண்டாது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. தலையைத் தூக்கி "சுறா!" என்று அலறுவார்.

"எங்கே? ஆணா, பெண்ணா?" என்பார் நம்மவர்.

பிங்க் தொப்பிகள் அத்தனையும் சுறாவை நோக்கிப் பாயும். புதியவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில், குழுவின் வேகமான நீச்சல்காரராக.

நிஜமான குளிர் கரையேறிய பிறகுதான் பிடிக்கும். கைகால்களில் ஆறிய ரத்தம் உள்ளே திரும்ப, உடம்புச் சூடு இன்னும் கொஞ்சம் இறங்கும். காப்பிக் கடையில் பாதிக் காப்பி சாஸரில். சுறா எவ்வளவு நீளம் என்று நம்மவர் கைகளை விரித்துக் காட்டுகிறார். நடுக்கத்தில் அது மூன்றடிக்கும் ஐந்தடிக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது.