அனுமதி போலே

என் அத்தை மகன் தஞ்சாவூர்க்காரர். கிள்ளானில் ஒரு கடைச் சுவரில் இருந்த பழைய ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்தார்: “மலேசியா போலே… எது மச்சான் மலேசியா போலே? பாதியிலேயே நிறுத்திட்டாங்களே!”

அது மகாதீர் காலத்து முழக்கம், மலாயில் ‘போலே’ என்றால் முடியும் என்று விளக்கினேன். 452 மீட்டருக்கு இரட்டைக் கோபுரம் எழுப்பினோம், போலே. 1997 மே 23 அன்று நம்மவர்கள் மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் ஏறிய முதல் மலேசியர்கள் ஆனார்கள், போலே. மச்சான் மரியாதையாகத் தலையாட்டினார். வம்பு அதற்கப்புறம்தான்.

முடியும் என்பதோடு அனுமதி உண்டு என்பதற்கும் இதே சொல்தான். போதாததற்கு, ‘போலே தாஹான்’ என்று ஒன்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தாங்கலாம்’. ஆனால் அது பாராட்டு. மச்சான் ஆர்வக்கோளாறில் அதைத் தமிழாக்கி, என் அம்மா வைத்த மீன் கறிக்கு “தாங்கலாம் அத்தை” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அன்றிரவு இருவருக்கும் கடை ரொட்டி சானாய்தான்.

தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? ‘வரக்கூடும்’ என்றால் வந்தாலும் வருவார். ‘வரக்கூடாது’ என்றால் வாசல்படி மிதிக்காதே!

தடை விஷயத்தில் இந்த நாடு படு தெளிவு. துப்பாக்கி நீட்டிய சிப்பாய் படத்தோடு நிற்கும் சிவப்புப் பலகையில் நான்கு மொழிகள் இருக்கும். துரத்தும்போது மட்டும் தமிழை மறப்பதே இல்லை. எங்கே அனுமதி என்பதை மட்டும் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை, வாழையிலைச் சாப்பாட்டு நேரம். சாலையோரம் அதிகாரத் தோரணையோடு நின்றிருந்தவரிடம், “அண்ணே, பத்து நிமிசம் காடி நிப்பாட்ட போலேவா?”

“போலே, போலே!” கையைத் தாராளமாக வீசினார்.

ரசம் வரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், கண்ணாடியில் சம்மன். பக்கத்துக் காடியிலும் ஒன்று. அதைப் பிடுங்கிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தவர் அதே அண்ணன்.

“இப்பத்தான் அர்த்தம் புரியுது மச்சான்,” என்றார் தஞ்சாவூர்க்காரர். “அவர் குடுத்தது அனுமதி இல்லை. அனுமதி போலே.”

மறுநாள் சம்மன் கட்டும் முகப்புக்குப் போய், அபராதத்தைக் குறைக்க போலேவா என்று கேட்டேன்.

“தா போலே,” என்றார் உள்ளே இருந்த அம்மாள், தலை நிமிராமல்.

இதற்கு ஒரே அர்த்தம்தான். 30 வெள்ளி கட்டிவிட்டு வந்தேன்.